சோதனைச்சாலைக்கும் சோதனை

நாடகம் அரங்கேறுமுன் ஒத்திகை நடைபெறுவதை நாம் யாவரும் அறிவோம். மாதுங்காவிலும் கரோல் பாக்கிலும், தமிழர் கூடி வாழும் பிற நகரங்களிலும், விழாநாளில் நாடகம் போடும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. வசனம் முழுவதையும் மனப்பாடம் செய்துவிட்ட நடிகருங்கூட, ஒத்திகையில் நின்று பேசும்போதுதான், எந்தப் பக்கத்திலிருந்து மேடைக்கு வரவேண்டும் என்பது தமக்குத் தெரியாது என்று உணர்கிறார். அத்தவறு ஒத்திகையில் நேர்ந்தால் சிரிப்போடு போய்விடும். அரங்கேற்றத்தில் நேர்ந்தால் நாடகமே கெட்டுவிடும். கொள்ளைநோயைக் கண்டறியும் சோதனைச்சாலைகளுக்கும் இவ்விதி பொருந்தும். அங்கே நேரும் தவறோ உயிரையே வாங்கிவிடும். ஆகவே, நோய் வருமுன் நோய் வந்ததுபோலவே பாவித்து, சோதனைச்சாலைகளுக்கே ஒரு சோதனை வைக்கும் முறையைப் பற்றி இன்று சிறிது சிந்திப்போம்.

முதலில், சோதனைச்சாலைக்கு இத்துணை முதன்மை ஏன் என்பதைக் காண்போம். காய்ச்சல், தலைவலி, உடல்வலி என்ற இம்மூன்றும் எத்தனையோ நோய்களுக்கு வாயிற்படிகள். டெங்குவும் அப்படித்தான் தொடங்கும், எலிக்காய்ச்சலும் அப்படித்தான், நிபாவும் அப்படித்தான். நோயாளியின் படுக்கையருகே நிற்கும் மருத்துவர் எவ்வளவு தேர்ந்தவராயினும், கண்ணால் கண்டே கிருமியைப் பெயர் சொல்லிக் கூறிவிட முடியாது. அந்தப் பெயர் தெரிந்தால்தான், நோயாளியைத் தனியே வைக்க வேண்டுமா, உடனிருப்போர் எவ்வாறு தம்மைக் காத்துக்கொள்ள வேண்டும், ஊராருக்கு என்ன சொல்லவேண்டும் என்பவற்றை முடிவு செய்யலாம். அப்பெயரைத் தரவேண்டியது சோதனைச்சாலை. அது தாமதித்தால் மற்றவை யாவும் தாமதிக்கும்.

தாமதத்தின் விலையை நம் நாடு அறியும். 1994 ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் சூரத் நகரில் பிளேக் என்ற சொல் பரவியது. சில நாட்களுக்குள் லட்சக்கணக்கான மக்கள் அந்நகரைவிட்டு வெளியேறினர். ரயில் நிலையத்திலும் பேருந்து நிலையத்திலும் முண்டியடித்தவர்களில் பெரும்பகுதியினர் நெசவாலைகளிலும் வைரப் பட்டறைகளிலும் பிழைக்க வந்த வெளியூர் மக்களே. பிற நாடுகள் சில இந்தியாவுடன் விமானப் போக்குவரத்தையே நிறுத்தின. இவ்வளவு நடந்தும், இது பிளேக்தானா, அன்றா என்ற வினாவுக்கு அனைவரும் ஏற்கும் விடை உடனே கிடைக்கவில்லை. அறிஞரிடையே விவாதம் நெடுநாள் நீடித்தது. உறுதியான சொல் வரவேண்டிய இடத்தில் வதந்தி வந்து அமர்ந்துகொண்டது. வேற்றூரில் குடியிருப்பவனுக்கு வதந்தியினும் கொடிய நோய் வேறில்லை என்பதை நம்மவருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இரண்டாவது சான்று 2001 ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அவ்வாண்டின் தொடக்கத்தில் வங்கத்தின் சிலிகுரி நகரில் மூளையைத் தாக்கும் ஒரு காய்ச்சல் தோன்றியது. 66 பேர் நோயுற்றனர். அவர்களுள் 45 பேர் மாண்டனர். நோயுற்றோரில் பெரும்பாலோர் மருத்துவமனைகளில் பணிபுரிந்தவர்கள், அல்லது அங்கே நோயாளிகளைக் காணச் சென்றவர்கள். அப்போது செய்த சோதனைகளால் காரணக் கிருமி இன்னதென்று கண்டறிய இயலவில்லை. சேமித்து வைத்த மாதிரிகளைப் பின்னர் மீண்டும் ஆராய்ந்தபோதுதான் அது நிபா வைரஸ் எனப் புலனாயிற்று. அம்முடிவு 2006 ஆம் ஆண்டில் வெளிவந்தது. மலேசியாவில் 1999 ஆம் ஆண்டில் இனங்காணப்பட்ட புதுக் கிருமி அது. ஆகையால் அக்காலத்தவரைக் குறைகூறுவதற்கில்லை. ஆனால் பெயர் தெரியாத பகைவனோடு அந்நகர மருத்துவர்களும் செவிலியரும் போராட நேர்ந்தது என்பது உண்மை.

இதே நிபா 2018 ஆம் ஆண்டு மே மாதத்தில் கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டத்தில் தோன்றியது. ஒரே குடும்பத்தில் ஒருவர்பின் ஒருவராக நோயுறக் கண்ட மருத்துவர்கள் ஐயுற்றனர். மாதிரிகள் மணிப்பாலில் இருந்த வைரஸ் சோதனைச்சாலைக்குச் சென்றன. புனேயிலுள்ள தேசிய வைராலஜி நிறுவனம் முடிவை உறுதி செய்தது. இவையெல்லாம் சில நாட்களுக்குள் நடந்தேறின. 17 உயிர்கள் போயின, அது பெருந்துயரமே. எனினும் கிருமியின் பெயர் தெரிந்துவிட்டதால், நோயாளிகளோடு பழகிய இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தேடிக் கண்காணிக்க முடிந்தது. ஜூன் முதல் நாளுக்குப் பிறகு புதிய நோயாளி எவரும் இல்லை.

சிலிகுரிக்கும் கோழிக்கோட்டுக்கும் இடையே பதினேழு ஆண்டுகள். அதற்குள் கருவிகள் வளர்ந்தன, சோதனைச்சாலைகள் பெருகின, எதை ஐயுற வேண்டும், மாதிரியை எங்கே அனுப்ப வேண்டும், யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்ற பழக்கமும் வளர்ந்தது. முதலிரண்டும் பணத்தால் வருபவை. மூன்றாவது பழகினால்தான் வரும்.

நம் நாட்டில் சோதனைச்சாலைகளுக்குக் குறைவில்லை. 1952 ஆம் ஆண்டில் புனேயில் வைரஸ் ஆராய்ச்சி நிலையமாகத் தொடங்கியதே இன்றைய தேசிய வைராலஜி நிறுவனம். தொடங்கிய ஐந்தாம் ஆண்டிலேயே, அதாவது 1957 இல், இன்றைய கர்நாடகத்தின் சிமோகா மாவட்டக் காட்டில் குரங்குகள் மாண்டு விழுவதைக் கேள்வியுற்று, கியாசனூர்க் காட்டு நோயின் வைரஸைக் கண்டறிந்த பெருமை அதற்கு உண்டு. கல்கத்தாவில் 1962 இல் காலரா ஆராய்ச்சிக்கென எழுந்த நிலையம் இன்று குடல்நோய்கள் யாவற்றையும் ஆராய்கிறது. விலங்குகளின் கொடிய நோய்களுக்கென்றே போபாலில் ஓர் உயர்பாதுகாப்புச் சோதனைச்சாலை உண்டு. 2006 ஆம் ஆண்டு மகாராஷ்டிரத்தின் நவாபூரில் கோழிகளைத் தாக்கியது பறவைக்காய்ச்சலே என்று உறுதி செய்தது அதுவே. இவை போதாவென்று, மருத்துவக் கல்லூரிகளில் வைரஸ் சோதனைச்சாலைகளை நிறுவும் திட்டமொன்றும் சென்ற பத்தாண்டின் முற்பகுதியில் உருவாயிற்று.

2020 ஆம் ஆண்டு ஜனவரி 30 ஆம் நாள், சீனத்தின் வூகான் நகரிலிருந்து கேரளம் திரும்பிய மாணவர் ஒருவருக்கு கோவிட் நோய் இருப்பதைப் புனே நிறுவனம் உறுதி செய்தது. தொடக்கத்தில் அச்சோதனையைச் செய்ய அந்த ஒரு நிறுவனமே இருந்தது. அதே ஆண்டு மே மாதத்தில் நாடெங்கும் நாளொன்றுக்கு ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சோதனைகள் நடந்தன. பின்னர் அரசுக்கும் தனியாருக்கும் உரியனவாக மூவாயிரத்துக்கும் மேற்பட்ட சோதனைச்சாலைகள் இவ்வலையில் சேர்ந்தன. இது பெரும் சாதனை. ஆனால் நோய் தணிந்தபின் அக்கருவிகளில் பல மூடிய உறைக்குள் உறங்குவதும், பயிற்சி பெற்றவர்கள் வேறு வேலைக்குச் செல்வதும், வாங்கி வைத்த இரசாயனங்கள் காலாவதியாவதும் இயல்பு. கருவி இருக்கிறது என்று பதிவேடு சொல்லும். அது நாளைக் காலை வேலை செய்யுமா என்பதைப் பதிவேடு சொல்லாது. அதைச் சொல்வதற்கே ஒத்திகை வேண்டும்.

இவ்வொத்திகைகளை உலக சுகாதார நிறுவனம் நான்கு வகையாகப் பிரித்திருக்கிறது. முதலாவது மேசையைச் சுற்றி அமர்ந்து செய்வது. 'சனிக்கிழமை மாலை இப்படியொரு நோயாளி வருகிறார். நீங்கள் என்ன செய்வீர்கள்?' என்று ஒருவர் கேட்க, மற்றவர்கள் விடை கூறுவர். செலவு அதிகமில்லை. ஆயினும், 'அதை அவர்கள் செய்வார்கள் என்றல்லவா எண்ணியிருந்தோம்' என்று இரு துறையினர் ஒருவரையொருவர் நோக்குவது இத்தகைய மேசைகளில் அடிக்கடி நிகழும். இரண்டாவது, ஒரே ஒரு செயலை மட்டும் செய்து பார்ப்பது. மாதிரியைப் பொதிந்து அனுப்புவது, பாதுகாப்பு உடையை அணிந்து கழற்றுவது போன்றவை இதில் அடங்கும். மூன்றாவது, அலுவலகங்கள் தத்தம் இடத்திலிருந்தே, உண்மையான நேரக் கெடுவுக்குள், செய்திகளைப் பரிமாறி முடிவெடுத்துப் பார்ப்பது. நான்காவது, களத்தில் ஆட்களும் வண்டிகளும் இறங்க, நோய் வந்தால் நடப்பன யாவும் நடக்கும் முழு ஒத்திகை.

சோதனைச்சாலையில் இது எவ்வாறு நடைபெறும் என்பதைக் காண்போம். ஒருநாள், முன்னறிவிப்பின்றி, முத்திரையிட்ட பெட்டியொன்று வாயிலுக்கு வருகிறது. உள்ளே எண்ணிடப்பட்ட சிறு குப்பிகள். சிலவற்றில் செயலிழக்கச் செய்த கிருமி, அல்லது தீங்கற்ற மாற்றுப்பொருள் இருக்கும். சிலவற்றில் ஒன்றுமே இராது. எதில் எது என்பது அனுப்பியவருக்கு மட்டுமே தெரியும். அதனோடு வரும் தாளிலும், பின் நடக்கும் ஒவ்வொரு தொலைபேசிப் பேச்சிலும், 'இது ஒத்திகை' என்ற சொல் தவறாமல் இடம்பெற வேண்டும்; இன்றேல் ஒத்திகையே பீதிக்கு வித்தாகிவிடும்.

பெட்டி வந்த கணத்திலிருந்து, அருகே நிற்கும் பார்வையாளர் கடிகாரத்தை நோக்கிக் குறித்துக்கொண்டே இருப்பார். பெட்டியை வாங்கியவர் யார்? மூன்று அடுக்குப் பொதியில் ஒவ்வோர் அடுக்கும் சரியாக இருந்ததா? உள்ளே குளிர்ச்சி 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்ததா? குப்பியின் எண்ணும் தாளின் எண்ணும் ஒத்தனவா? பொதியைப் பாதுகாப்புப் பேழைக்குள் வைத்துப் பிரித்தார்களா, மேசைமேல் வைத்தே பிரித்துவிட்டார்களா? சோதனையின் விடை வந்தபின் அது எத்தனை மணி நேரத்தில் மாவட்ட அதிகாரியின் கைக்குச் சென்றது? இவ்வினாக்களுக்கெல்லாம் விடை எழுதப்படும். இடையிடையே பார்வையாளர் புதிய இடர்களையும் புகுத்துவார்: 'இப்போது மின்சாரம் நின்றுவிட்டது', 'இப்போது இன்னும் இருநூறு மாதிரிகள் வந்துவிட்டன', 'உங்களுள் ஒருவருக்கு ஊசி குத்திவிட்டது'.

அறிவுத்திறமை குறைந்து சோதனை தவறுவது அரிது. பிழைகள் பெரும்பாலும் மிக எளிய இடங்களில் மறைந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை மாதிரியை எடுத்துச்செல்ல வண்டி இல்லை. ஜெனரேட்டர் உண்டு, அதில் டீசல் இல்லை. பட்டியலில் உள்ள இரவுநேரத் தொலைபேசி எண், மாற்றலாகிச் சென்ற ஓர் அதிகாரியுடையது. கருவியை இயக்கத் தெரிந்தவர் ஒருவரே. அவர் விடுப்பில் இருக்கிறார். முடிவு பகல் பன்னிரண்டு மணிக்கே கிடைத்துவிட்டது. ஒரு கையெழுத்துக்காக அது மாலைவரை மேசையில் கிடந்தது. இத்தகைய பிழைகளை எந்த நூலும் சுட்டிக் காட்டாது. ஒத்திகை காட்டிவிடும், கிருமியும் ஒருநாள் காட்டிவிடும். இவ்விரண்டில் எது முந்த வேண்டும் என்பதே கேள்வி.

காலத்தை அளப்பதற்கு ஓர் எளிய கணக்கும் இப்போது வழங்கி வருகிறது. ஏழு, ஒன்று, ஏழு என்பது அதன் பெயர். நோய் தோன்றிய ஏழு நாட்களுக்குள் அதைக் கண்டறிய வேண்டும். ஒரு நாளுக்குள் உரியவருக்கு அறிவிக்க வேண்டும். அடுத்த ஏழு நாட்களுக்குள் முதற்கட்ட நடவடிக்கைகள் யாவும் முடிந்துவிட வேண்டும். 2007 ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ள சர்வதேச சுகாதார விதிகளும், உலகுக்குக் கவலை தரத்தக்க நிகழ்வென மதிப்பிட்டபின் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவேண்டும் என்று நாடுகளைப் பணிக்கின்றன. ஒத்திகையின்போது கடிகாரத்தை நோக்குவது இதற்காகவே.

நம் நாட்டில் அண்மையில் நடந்த ஒரு முழு ஒத்திகையைக் குறிப்பிடுவது பொருத்தம். 2024 ஆம் ஆண்டு ஆகஸ்டு 27 முதல் 31 வரை, ராஜஸ்தானத்தின் அஜ்மீர் மாவட்டத்தில், 'விஷாணு யுத்த அப்யாஸ்' என்ற பெயரில் அது நடைபெற்றது. வைரஸ் போர்ப் பயிற்சி என்று அதைத் தமிழில் கூறலாம். விலங்குகளிடமிருந்து மனிதருக்குத் தாவும் ஒரு நோய் தோன்றிவிட்டதாகக் கற்பித்து, மருத்துவர், கால்நடை மருத்துவர், வனத்துறையினர், மாவட்ட ஆட்சியினர், சோதனைச்சாலையினர் அனைவரும் ஒன்றாகக் களமிறங்கினர். கற்பனை நோய்க்குக் காரணமான வைரஸைத் தேடிக் கண்டறிவது ஒரு பகுதி. மனிதரிடத்தும் விலங்குகளிடத்தும் அது பரவாமல் தடுப்பது மற்றொரு பகுதி. நடந்தவற்றை மதிப்பிட, அப்பணியில் சேராத பார்வையாளர்கள் இருந்தனர். பெரும்பாலான செயல்கள் விரைவாகவும் தக்கவாறும் நடந்தன என்றும், திருத்தவேண்டிய இடங்களும் சில உண்டு என்றும் முடிவு வெளியிடப்பட்டது.

இம்முடிவின் பிற்பகுதியையே நாம் மிகவும் பாராட்டுகிறோம். குறையே காணாத ஒத்திகை, பெரும்பாலும் குறையைத் தேடாத ஒத்திகையாகவே இருக்கும். மேலதிகாரி வருகிறார் என்று முன்கூட்டியே தரையைக் கழுவி, புதுக் கையுறை வாங்கி வைத்து, இருப்பவருள் கைதேர்ந்தவரை மட்டும் முன்னே நிறுத்தினால், அது சோதனையாகாது, திருவிழாவாகிவிடும். அதேபோல், பிழை கண்டவுடன் பிழை செய்த இளம் ஊழியரைத் தண்டித்தால், அடுத்த ஒத்திகையில் அனைவரும் பிழையை மறைக்கவே கற்றுக்கொள்வர். கண்ட குறையை எழுதி, திருத்த வேண்டியவர் யார், எந்த நாளுக்குள் என்று குறித்து, ஆறு திங்கள் கழித்து அதே இடத்தை மீண்டும் சோதிப்பதே முறை. இப்பின்பகுதி இல்லையேல் ஒத்திகைக்குச் செலவிட்ட பொழுது வீண்.

நேயர்களே, இவையெல்லாம் அதிகாரிகளும் விஞ்ஞானிகளும் கவனிக்க வேண்டியவை அல்லவா, நமக்கென்ன என்று கேட்கத் தோன்றலாம். பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இதில் தனிப்பட்ட அக்கறை உண்டு. சோதனைச்சாலைக்குச் செல்லும் ஒவ்வொரு குப்பியோடும் ஒரு தாள் செல்கிறது. நோயாளி எங்கிருந்து வந்தார், அண்மையில் எங்கெல்லாம் சென்றார், யாரோடு பழகினார், காய்ச்சல் என்று தொடங்கியது என்பவை அதில் எழுதப்படும். எந்தக் கிருமியைத் தேடுவது என்பதை முடிவு செய்ய அத்தாளே வழிகாட்டி. அகமதாபாத் மருத்துவமனைக்குச் செல்லும் நம் தொழிலாளி ஒருவருக்குக் குஜராத்தியும் தெரியாது, இந்தியும் அரைகுறை என்றால், அத்தாளில் பாதி வெறுமையாக நிற்கும். தொலைபேசி எண் ஊரில் உள்ள அண்ணனுடையதாக இருக்கும். முகவரி, சென்ற மாதம் காலி செய்த அறையாக இருக்கும். கருவி எவ்வளவு நுண்ணியதாயினும் இக்குறையை நிறைக்க இயலாது.

ஆகவே நம்மால் ஆகக்கூடியவை மூன்றைச் சொல்லி முடிக்கிறோம். ஒன்று: மருத்துவமனையில் நம் பயணத்தையும் பழக்கத்தையும் மறையாமல் கூறுவது, வேலை போகுமோ, அறையைவிட்டு அனுப்புவார்களோ என்ற அச்சம் இயற்கையே ஆயினும், மறைத்த செய்தி முதலில் தாக்குவது நம் அறையில் உடனுறைவோரையே. இரண்டு: ஒவ்வொரு நகரிலும் உள்ள தமிழ்ச் சங்கங்கள், இருமொழியும் அறிந்த சிலரின் பெயர்களை மாவட்ட சுகாதார அலுவலகத்தில் கொடுத்து வைப்பது. உள்ளூர் மொழி அறியாத நோயாளி ஒருவரையும் ஒத்திகையில் பாத்திரமாகச் சேர்க்குமாறு வேண்டுவதும் நன்று. உண்மை நோயில் அவர் நிச்சயம் வருவார். மூன்று: ஒத்திகை நடக்கும் நாளில் முகமூடியும் வெண்ணுடையும் அணிந்தவர்களைக் கண்டு, அதைக் கைப்பேசியில் படமெடுத்து, 'நோய் வந்துவிட்டது' என்று ஊருக்கு அனுப்பாமல் இருப்பது. 1994 இல் சூரத்தை வெறிச்சோடச் செய்த வதந்திக்கு அன்று கைப்பேசியின் துணைகூட இல்லை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அடுத்த கொள்ளைநோய் எந்நாளில், எந்த ஊரில், எந்த உருவில் வரும் என்று எவராலும் கூற முடியாது. வரும்போது முதற்குப்பியைத் திறக்கப்போகும் ஊழியர், அதற்கு முன் பத்து முறையேனும் ஒத்திகைக் குப்பியைத் திறந்து பழகியவராக இருக்க வேண்டும். அந்தப் பழக்கத்தைக் கேட்டுப் பெறுவது குடிமக்களாகிய நம் உரிமை. அதற்குத் துணை நிற்பது நம் கடமை.